நித்திரையைக் கலைக்கும் குளிசை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி கொட்டாஞ்சேனையில் எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"பெண்களின் உடல்நலம்" என்ற தலைப்பில் அரை மணித்தியாலம் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். அது பெரிய கடல். அதிலிருந்து ஒரேயொரு குளிசையை எடுத்துப் பேச அனுமதி கேட்டேன். காரணம் இதுதான். எமது பழைய மாணவிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று சில வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கொழும்பிலிருந்து கேட்பவர் மகளின் உயர்தரப் பரீட்சைக்காகக் கேட்கிறார். இலண்டனிலிருந்து கேட்பவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் மேசையில் கண்ட குளிசை அட்டையைப் படம் பிடித்து அனுப்பி, "இது என்ன?" என்கிறார். ரொறொன்ரோவில் இரவு வேலை செய்பவர் தனக்காகவே கேட்கிறார். மூவரின் கேள்வியும் ஒன்றுதான்: "நித்திரை வராமல் இருக்க ஒரு குளிசை இருக்காமே, எடுக்கலாமா?"

அந்தக் குளிசையின் பெயர் மொடாபினில். இந்தியாவில் தயாராகும் மலிவான வகைகள் பல வர்த்தகப் பெயர்களில் இணையத்தில் விலைப்படுகின்றன. இதற்கு நெருங்கிய உறவான ஆமொடாபினிலும் அப்படியே. நான் சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் இந்த மருந்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இது நல்ல மருந்து. யாருக்காக உருவானதோ அவர்களுக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து.

நார்கொலெப்சி என்றொரு நோய் உண்டு. 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு வைத்தியர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். இந்நோய் உள்ளவர் இரவில் எட்டு மணித்தியாலம் படுத்தாலும் பகலில் அடக்க முடியாத நித்திரை வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்துவிடும், நாடி தொங்கிவிடும். ஆனால் நினைவு தப்பாது. சிலர் நித்திரையிலிருந்து விழிக்கும்போது கை கால் அசைக்க முடியாமல் கிடப்பார்கள். "பேய் அமுக்குகிறது" என்று வீட்டில் நூல் கட்டுவார்கள். (இந்தக் கடைசி அறிகுறி மட்டும் எப்போதாவது ஒரு தடவை வந்தால் பயப்பட வேண்டாம். சுகதேகிகளுக்கும் வருவதுதான்.) பல நாடுகளின் மதிப்பீடுகளை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம்.

விழித்திருக்கும் நிலையை நிலைநிறுத்தும் ஓரெக்சின் என்ற பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு தொகுதி நரம்புக் கலங்களே அதைச் சுரக்கின்றன. நார்கொலெப்சியின் முதன்மை வகையில் அந்தக் கலங்கள் அழிந்துவிடுகின்றன என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆகவே இது சோம்பல் அல்ல, குணக்கேடும் அல்ல. உடலில் ஒரு பொருள் இல்லாமற் போன நோய்.

இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டும். அதாவது, பாடசாலைப் பருவத்தில். எந்த வகுப்பிலும் கடைசி வாங்கில் ஒரு "கும்பகர்ணி" இருப்பாள். அவர்களுள் பெரும்பாலானோர் இரவு சரியாக நித்திரை கொள்ளாதவர்கள்தான். ஆனால் எங்கோ ஒருத்தி உண்மையான நோயாளி. இலங்கையிலே பிறந்த நாம் கும்பகர்ணன் பெயரைக் கேலிக்கு வைத்துக்கொண்டோம். வள்ளுவரோ, கெட்டழிபவர் விரும்பி ஏறும் நான்கு மரக்கலங்களில் துயிலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். எமது பண்பாட்டில் நித்திரைத் தூக்கம் என்றால் உடனே ஒழுக்கக் குறைவுதான். அதனால்தான் இத்தகைய பிள்ளைகள் ஏச்சும் தண்டனையும் வாங்கிக்கொண்டு, நோய் இன்னதென்று தெரியாமலே பல வருடங்களைக் கழிக்கிறார்கள். ஆசிரியைகளாக இருக்கும் பழைய மாணவிகள் இங்கே பலர். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு நன்றாக நித்திரை கொண்டும் பகலில் தினமும் உறங்கிவிழும் பிள்ளையை முகம் கழுவ அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பெற்றோரை அழைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். நார்கொலெப்சிக்கு 1935இலிருந்து அம்பெற்றமின் கொடுக்கப்பட்டது. அது மூளையைச் சவுக்கால் அடித்து ஓட வைக்கும் மருந்து. நோயாளிக்கென வந்த அது அங்கேயே நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இரு தரப்புப் படையினருக்கும் இந்த வகைக் குளிசைகள் வழங்கப்பட்டன. போர் முடிந்தபின் யப்பானில் அவை பொதுமக்களிடம் பரவி, பெருந்தொகையானோர் அடிமையானார்கள். 1951இல் தனிச்சட்டம் இயற்றித்தான் அந்த நாடு அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஆகவே, அவ்வளவு மோசமாக அடிமைப்படுத்தாத ஒன்றைத் தேடினார்கள். பிரான்சில் லஃபோன் என்ற ஆய்வுகூடம் மொடாபினிலைக் கண்டுபிடித்தது. நித்திரை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மிஷேல் ஜூவே அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர். 1994இல் பிரான்சில் அது விற்பனைக்கு வந்தது. 1998 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா நார்கொலெப்சிக்காக அதை அங்கீகரித்தது. பின்னர், நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயினால் வரும் பகல்நேர உறக்கத்துக்கும், இரவு வேலையினால் வரும் நித்திரைக் கோளாறுக்கும் அங்கே அங்கீகாரம் கிடைத்தது. ஐரோப்பாவோ எதிர்த்திசையில் போனது. 2010இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் நன்மையையும் தீமையையும் மறுபடி நிறுத்துப் பார்த்து, மொடாபினிலை நார்கொலெப்சிக்கு மட்டும் என்று குறுக்கியது. ஒரே மருந்தைப் பற்றி இரண்டு பெரிய அமைப்புகள் வேறுபட்டு நிற்கின்றன. இரவு வேலை செய்யும் எமது சகோதரிகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மருந்தும் நோயாளியிடம் மட்டும் நிற்கவில்லை. 2003இல் பாரிசில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை கெலி வைற்றின் பரிசோதனையில் மொடாபினில் இருந்தது. பதக்கங்கள் பறிபோயின. அதைத் தயாரித்த செபலோன் நிறுவனம் 2008இல் அமெரிக்க அரசுடன் 42.5 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அங்கீகாரம் இல்லாத தேவைகளுக்குத் தன் மருந்துகளை விளம்பரப்படுத்தியது என்பதே குற்றச்சாட்டு. அவற்றுள் மொடாபினிலும் ஒன்று. சோர்வுக்கும் களைப்புக்கும் உற்சாகக் குறைவுக்கும் மருந்தென்று அதைத் தள்ளிவிட்டார்களாம். யோசித்துப் பாருங்கள். சோர்வும் களைப்பும் இல்லாத பெண் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? சந்தை அதைத்தான் கணக்குப் பார்த்தது.

சரி, சுகதேகியான ஒரு மாணவி எடுத்தால் என்ன? கூடுதலாகப் படிக்கலாமே? நியாயமான கேள்வி. இதற்கு மூன்று பதில்கள் சொல்கிறேன்.

முதலாவது பதில், கூடுதல் நேரம் கூடுதல் விளைச்சல் அல்ல என்பது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேருக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். இவ்வளவு கிலோதான் தாங்கும் என்ற ஒரு பையில், பல விலையும் பல எடையும் கொண்ட பொருட்களுள் எவற்றை அடுக்கினால் பெறுமதி மிகக் கூடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். புறக்கோட்டைக்கு ஒரேயொரு பையோடு போனவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மொடாபினிலோ அந்த வகை வேறு மருந்துகளோ எடுத்த நாட்களில் அவர்கள் அதிக நேரம் செலவிட்டார்கள், பொருட்களை எடுத்து எடுத்து மாற்றி வைத்தார்கள். ஆனால் பையின் பெறுமதியோ, வெறும் போலிக் குளிசை எடுத்த நாளைவிடக் குறைந்திருந்தது. முயற்சி கூடியது, முயற்சியின் தரம் குறைந்தது. நித்திரையிழந்தவரை இக்குளிசை விழித்திருக்கச் செய்யும் என்பது உண்மை. விழிப்பு வேறு, விளக்கம் வேறு.

இரண்டாவது பதில், படித்தது பதிவதே நித்திரையில்தான் என்பது. ஏறத்தாழ எமது சங்கத்தின் வயதுடைய ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1924இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டல்லன்பாக் என்ற இருவர், இரண்டு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகளை மனனம் செய்யக் கொடுத்தார்கள். மனனம் செய்தபின் விழித்திருந்தபோது மறந்ததைவிட, நித்திரை கொண்டபோது மிகக் குறைவாகவே மறந்தார்கள். இரண்டே பேரில் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் பின்வந்த நூறு வருட ஆராய்ச்சி அந்தத் திசையைத்தான் உறுதிப்படுத்தியிருக்கிறது. இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பது, கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஓட்டை வாளியில் ஊற்றுவது போன்றது.

மூன்றாவது பதில் வெறும் எண்கணிதம். உடலில் புகுந்த மொடாபினிலில் பாதி வெளியேற ஏறத்தாழ 12 முதல் 15 மணித்தியாலம் ஆகும். இரவு 8 மணிக்கு எடுத்தால், மறுநாள் காலை பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போதும் கிட்டத்தட்டப் பாதி இரத்தத்தில் இருக்கும். அன்றிரவும் நித்திரை சரியாக வராது. வராததால் மறுநாள் களைப்பு, களைப்புக்கு இன்னொரு குளிசை. இப்படித்தான் வட்டம் தொடங்குகிறது. அம்பெற்றமின் அளவுக்கு இது அடிமைப்படுத்தாது. ஆனால் மனித மூளையில் இதுவும் டோபமைனைக் கூட்டுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே "அடிமைப்படவே முடியாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ஊர்மிளையின் கதை உங்களுக்குத் தெரியும். வனவாசத்தில் இலக்குவன் பதினான்கு வருடம் உறங்காமல் காவலிருக்க, அவன் பங்கு நித்திரையை அயோத்தியில் ஊர்மிளை ஏற்றுக்கொண்டாள் என்று நாட்டார் வழக்கில் சொல்வார்கள். அந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: விட்ட நித்திரையை யாராவது கொண்டே ஆக வேண்டும். எமக்கோ ஊர்மிளை இல்லை. எம் கடனை எம் உடல்தான் கட்ட வேண்டும்.

பக்க விளைவுகளுக்கு வருகிறேன். தலையிடி, குமட்டல், படபடப்பு, பசியின்மை, நித்திரையின்மை ஆகியவை சாதாரணமாகக் காணப்படுபவை. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடலாம். ஆகவே கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. சிலருக்குப் பதகளிப்பு, மனக்குழப்பம், இல்லாத குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் வரை போகலாம். முன்பு மனநோய் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அரிதாக, தோல் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ் ஜோன்சன் என்ற உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். இக்குளிசை எடுக்கும் எவருக்கும் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால், குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குழந்தைகளின் கவனக் குறைபாட்டுக்கு இதைக் கொடுக்க 2006இல் விண்ணப்பித்தபோது, இந்தத் தோல் ஆபத்தின் காரணமாகவே அமெரிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, 18 வயதுக்குக் குறைந்த உங்களுக்கு இது உரிய மருந்தல்ல.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்தத் தலைப்பையே தெரிவுசெய்தேன். குளிசையை இணையத்தில் வாங்குபவருக்கும், தோழியிடம் இரண்டு கேட்டு வாங்குபவருக்கும் யாரும் சொல்லாத செய்தி இது.

மொடாபினில் ஈரலின் ஒரு நொதியத்தை உசுப்பிவிடும். அந்த நொதியம் கருத்தடை ஓமோன்களை வழமையைவிட விரைவாக அழித்துவிடும். ஆகவே கருத்தடைக் குளிசை, கையில் வைக்கும் இம்பிளான்ட், தோலில் ஒட்டும் பட்டி ஆகியவற்றின் பலம் குறையும். அவசரக் கருத்தடைக் குளிசையும் அப்படித்தான். மொடாபினிலை நிறுத்திய பின்னும் இரண்டு மாதம் வரை இந்த நிலை நீடிக்கும் என்று கருதியே நடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அறிவுரை. செம்பு லூப்புக்கு இதனால் பாதிப்பு இல்லை.

அதாவது, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைக்கும் பெண் கர்ப்பமாகலாம். கர்ப்பமானது தெரியாமல் குளிசையைத் தொடரலாம். அமெரிக்காவில், கர்ப்ப காலத்தில் இம்மருந்தை எடுத்த பெண்களின் பதிவேட்டில், பாரிய பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 100க்கு 15. பொதுவான மக்களிடையே இது 100க்கு 3 அளவு. இதனால் 2019இல் கனடாவும், 2020இல் பிரித்தானியாவும், கர்ப்பத்தில் இதை எடுக்கக்கூடாது என்று எச்சரித்தன. எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில நாடுகளின் பதிவுகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனால் விடை உறுதியாகும்வரை எந்தப் பெண்ணும் தன் குழந்தையை வைத்துப் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டுக் கர்ப்பம் என்று அறிந்தவர் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உங்கள் மகப்பேற்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திருமணமாகாத மகளாயிருந்தால், அவள் இதைச் சொல்லக்கூடிய ஒருவராக நீங்கள் இருங்கள்.

நோய்க்காகவே வைத்தியர் எழுதிக்கொடுத்து எடுப்பவர்களும் இந்தச் சபையில் இருக்கலாம். என் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கருத்தடை பற்றியும் குழந்தை பெறும் எண்ணம் பற்றியும் உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள், அது போதும்.

அப்படியென்றால், பகலில் நித்திரை தூங்கி விழுபவர் என்ன செய்வது? என்ன குளிசை எடுக்கலாம் என்று கேட்பதற்கு முன், ஏன் நித்திரை வருகிறது என்று கேளுங்கள்.

எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்கிறீர்கள்? மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? இரும்புச் சத்துக் குறைந்து குருதிச்சோகை இருக்கலாம். உடல் பருத்து, குளிர் தாங்காமல், முடி கொட்டுகிறதா? தைரொயிட் பரிசோதனை தேவைப்படலாம். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுகிறீர்களா? மாதவிடாய் நின்ற வயதில் பெண்களுக்கும் இது கூடும். "குறட்டை ஆம்பிளையளின்ர வருத்தம்" என்று ஒதுக்க வேண்டாம். மனம் எதிலும் ஒட்டாமல் இருக்கிறதா? மனச்சோர்வும் நித்திரையின் வேடத்தில் வரும். தடிமனுக்கும் கடிக்கும் என்று வீட்டில் வைத்திருக்கும் பிரிட்டன் குளிசையை அடிக்கடி போடுகிறீர்களா? அதுவே உறங்க வைக்கும்.

மெல்பேர்னிலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கு ஒரு பெருமை. உங்கள் நகரின் எப்வர்த் வைத்தியசாலையில் மறே ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1991இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வாகனத்தில் பயணியாக இருக்கும்போது என எட்டு நிலைமைகளில் கண்ணயர்ந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை புள்ளி போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் வைத்தியரிடம் போகக் காரணம் உண்டு. உலகம் முழுவதும் வைத்தியர்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

இரவு வேலை செய்யும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வேலைக்குப் போகுமுன் சிறிது உறங்குங்கள். இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயர இடம் கேட்பது வெட்கமல்ல. கோப்பியை வேலையின் முற்பாதியோடு நிறுத்துங்கள். வீட்டில் பகலில் உங்கள் அறைக்கு இருட்டும் அமைதியும் தேவை. இரவு உழைத்துவிட்டு வந்த பெண்ணிடம் காலையில் சமையலையும் கேட்கும் வீட்டுக்குத்தான் வைத்தியம் தேவை. கண் சொருகும்போது வாகனம் ஓட்டவே வேண்டாம்.

கடைசியாக, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் பக்கம் நின்று ஒரு வார்த்தை. "நேரத்துக்குப் படு" என்று சொல்வது சுலபம். கொட்டாஞ்சேனையில் பல வீடுகளுக்கு ஒரேயொரு அறை. தொலைக்காட்சி நின்று, தம்பி தங்கை உறங்கி, பாய் விரிக்கும் நேரத்தில்தான் மேசை காலியாகும். பின்னேரம் முழுவதும் ரியூஷன், விடியற்காலை இன்னொரு வகுப்பு. இந்தப் பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் புத்தகம் விரிப்பது விருப்பத்தால் அல்ல. அவளிடம் குளிசை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் காரில் ஏறிப் போய்விட முடியாது.

ஆகவே சங்கத்திடம் ஒரு பிரேரணையை முன்வைக்கிறேன். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, பரீட்சைக்கு முந்திய மாதங்களில் எமது நூலகத்தை மாலை 3 மணி முதல் 7 மணி வரை திறந்து வைப்போம். நல்ல வெளிச்சம், மின்விசிறி, ஒரு தேத்தண்ணீர், மேற்பார்வைக்கு முறை வைத்து இரண்டு பழைய மாணவிகள். இருட்டியபின் பிள்ளைகளை வீடு சேர்க்க ஓர் ஒழுங்கு. வெளிநாட்டுக் கிளைகள் ஆளுக்கொரு மாதத்தை ஏற்றால் ஒரு வருடம் ஓடிவிடும். பகலில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைக்கு, இரவில் விழித்திருக்கக் குளிசை தேவைப்படாது.

முதல் மாதச் செலவுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மேற்பார்வைக்கு வியாழக்கிழமைகளில் நான் வருகிறேன்.